சீட்டின் ஓரத்து வட்டம்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு காகிதத் துண்டு செருகியிருக்கிறது. சிகரெட்டுப் பெட்டி அகலம்தான் இருக்கும். ஒரு மூலையில் ஊசித் துவாரம். பென்சிலால் ஒரே ஒரு வரி. அதில் எழுத்தே கிடையாது, எல்லாம் குறிகள். வீட்டுக்கு வந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு. மந்திரம் இல்லை. என்னை ஊர் பார்க்க அவமானப்படுத்திய மனிதர் தம் கைப்பட எழுதிய சீட்டு அது. சாமி படத்துக்குப் பின்னால் பகையை வைக்கலாமா என்று கேட்டால், வேறு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் விளக்கேற்றும்போது முருகனிடம் அதைக் காட்டித்தான் கேட்டேன். ஒரு வருஷம் கேட்டேன்.

யுத்தம் முடிந்தும் அரிசிப் பஞ்சம் முடியாத காலம். தூத்துக்குடியில் அப்போது கப்பல் கரைக்கு வராது. கடல் ஆழமில்லை என்று மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் தோணிகள்தான். நான் வேலை பார்த்த கம்பெனிக்குப் பன்னிரண்டு தோணிகள் இருந்தன. தோணிக்கு ஒரு தண்டல், அவர்தான் அதற்குத் தலைவர். அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு ஆட்கள். இவர்களோடு ஆபீஸிலிருந்து ஒரு சீட்டுக்காரன் போவான். நான் ஏழாம் தோணியின் சீட்டுக்காரன்.

சீட்டுக்காரன் வேலை என்னவென்றால், ஆபீஸில் பெரிய கிளார்க்கு எழுதித் தருகிற சீட்டைத் தோணியில் நின்று உரக்கப் படிப்பது. ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. நான் படிக்கப் படிக்க அவர்கள் செய்வார்கள். படித்து முடித்தபின் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். கடலில் அப்படிக் காத்திருக்கிற வழக்கம் இல்லை. வாயிலிருந்து சொல் விழுந்ததும் கை போய்விடும். 'கயிறு' என்றால் கயிற்றில் கை இருக்கும். அப்படிப் பழகிய ஆட்கள்தான் நல்ல ஆட்கள் என்று பெயர் எடுத்தார்கள்.

பெரிய கிளார்க்கு எழுத்தால் எழுதமாட்டார். காகிதம் கிடைக்காத யுத்த காலத்தில், கால் கைக்குட்டை அளவு தாளைப் பத்தாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரே வரியில் ஒரு தோணியின் முழு வேலையையும் அடக்கிக்காட்டியவர் அவர். அதற்காகத் தாமே குறிகள் உண்டாக்கியிருந்தார். சதுரம் போட்டால் தார்ப்பாயை எடு. பெருக்கல் குறி போட்டால் மூட்டையை இறக்கு. மேல்நோக்கிய அம்பு என்றால் அணியத்திலிருந்து, அதாவது தோணியின் முன்பக்கத்திலிருந்து, தொடங்கு. இப்படி முப்பது முப்பத்தைந்து குறிகள். வரியின் கடைசியில், தாளின் வலது ஓரத்தில், சில நாள் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அலை ஏறியிருந்தால் இந்த வரியில் சொன்ன எதையும் செய்யாதே, அப்படியே காத்திரு என்பது அதன் பொருள்.

"ஒத்த வரியில ஒரு கப்பலையே எறக்கிருவேன் நான்" என்று அவர் சொல்லுவார். பொய்யில்லை, கெட்டிக்காரர்தான். எந்தக் கப்பல் எந்த வாரம் வரும், எந்தத் தோணி எத்தனை மூட்டை தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பிறத்தியார் தலையில் சுமத்துவதுதான் அவர் வழக்கம்.

நான் புதுக்கோட்டையில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, இந்தக் குறியெல்லாம் ஒரு தாளில எழுதித் தந்தா வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுவேன்."

அவர் தலை நிமிரவில்லை. "கண்ணு இருக்குல்லா? பாரு."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாடம். மற்ற சீட்டுக்காரர்களிடம் ஆளுக்கு இரண்டாகக் கேட்டுக் கேட்டுக் குறிகளைக் கற்றேன். வட்டத்தின் பொருளும் தெரியும். தெரியாமல் தவறு செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

அந்த வருஷம் கார்த்திகையில் ரேஷனுக்கான கோதுமை மாவோடு ஒரு கப்பல் வந்தது. ஏழாம் தோணி மாவு ஏற்றிக்கொண்டு, கரையில் சரக்கு இறக்கும் துறைப் பாலத்துக்கு வந்தபோது வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு அலைக்கு நடுவே கடல் சாதுவாகத்தான் இருக்கும். நான் அணியத்தில் ஏறி நின்று சீட்டைப் பிரித்தேன். தண்ணீர்த் திவலை கண்ணில் அடித்தது.

"தார்ப்பாய எடு."

பன்னிரண்டு கைகள் தார்ப்பாயை உருவின.

"அணியத்துல இருந்து எறக்கு."

முதல் மூட்டை தோளுக்கு ஏறியது. அப்புறம்தான் என் கண் தாளின் ஓரத்துக்குப் போனது. வட்டம். "நிறுத்து" என்று நான் சொன்னதும் அலை வந்ததும் ஒன்றாக நடந்தன. தோணியின் பக்கச்சுவரைத் தாண்டி இடுப்பளவு தண்ணீர் மாவு மூட்டைகள் மேல் விழுந்தது. மறுபடி மூடுவதற்குள் இன்னும் இரண்டு அலை. நாற்பது மூட்டை போயிற்று.

பாலத்தின் அடியில் பெண்கள் சட்டியும் பானையுமாக வந்து, சாக்கிலிருந்து வழிந்த மாவுக் கூழை உப்புத் தண்ணீரோடு வழித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி அதை அங்கேயே பிள்ளைக்கு ஊட்டப் பார்த்தாள். பிள்ளை துப்பியது. அன்னத்தைக் காலால் தொட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. அன்று சாயந்திரம் என் மனைவி ரேஷன் கடை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வெறும் பையோடு வந்தாள். "மாவு கடல்ல நனஞ்சு போச்சாம். எந்தப் பாவி செஞ்சானோ" என்றாள். அந்தப் பாவி அப்போது வீட்டில்தான் உட்கார்ந்திருந்தான், சட்டைப் பொத்தானில் நூல் துணுக்கோடு.

அந்த நூலின் கதை இது. பெரிய கிளார்க்கு அன்று மத்தியானம் எல்லாத் தண்டல்களையும் சீட்டுக்காரர்களையும் ஆபீஸ் வாசலில் கூட்டினார். சீட்டை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"கடசில என்ன கெடக்கு?"

"வட்டம் அண்ணாச்சி."

"வட்டம்னா?"

"அல ஏறியிருந்தா செய்யாத."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "தெரியாம செஞ்சவன மன்னிக்கலாம். இவன் தெரிஞ்சே செஞ்சிருக்கான்வே." பிறகு சாக்குத் தைக்கும் ஊசியும் நூலும் கொண்டுவரச் சொல்லி, சீட்டின் மூலையில் குத்தி நூலைக் கோத்து, என் சட்டையின் இரண்டாவது பொத்தானில் தாமே கட்டினார். அவர் விரல் என் நெஞ்சில் பட்டது. "சூரியன் எறங்கட்டும். பொறவு அவுத்துக்க."

எனக்கு முப்பது வயது. ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். நெஞ்சில் அந்தச் சீட்டு தொங்கியாட, பீச் ரோட்டில் அங்கும் இங்கும் நடந்து வேலை பார்த்தேன். பால்காரர் பார்த்தார், வெற்றிலைக் கடை அண்ணாச்சி பார்த்தார், மாதா கோயிலுக்குப் போன பெண்கள் பார்த்துவிட்டு முக்காட்டுக்குள் சிரித்தார்கள். மறுநாளே என்னைச் சீட்டுக்காரன் வேலையிலிருந்து எடுத்துச் சாக்குக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். கிழிந்த சாக்குகளைத் தைக்கும் வேலை. இன்னொரு தப்பு நடந்தால் அதுவும் கிடையாது என்று பெரிய கிளார்க்கு சொல்லி அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்துத்தான் மனைவியிடம் சொன்னேன். அவள் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். அடுப்பங்கரையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"என்னதுங்க இது? கோலம் போட்டுக்கிட்டு இருக்கையில பாதியில எந்திரிச்சுப் போன மாதிரில்லா இருக்கு."

ஒவ்வொரு குறியையும் விளக்கினேன். வட்டத்துக்கு வந்ததும் அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அடுப்ப மூட்டு, உலைய வையி, அரிசியப் போடு, கல்லு கெடந்தா போடாத. இப்படி நான் ஒங்ககிட்டச் சொன்னா என்ன செய்வீங்க?"

"போட்டிருவேன்."

"போட்ட பொறவு கல்லப் பத்திச் சொல்லி என்னத்துக்கு? அத மொதல்ல சொல்லணும்லா. அந்த மனுசன் சோறு பொங்குன மாதிரி இல்ல."

அதுவரை எனக்கு இருந்தது வெட்கம். அந்த நிமிஷத்தில் அது வேறாக மாறிற்று. நான் தெரிந்தே செய்யவில்லை. தெரிந்தே செய்தவர் அவர். சொல் விழுந்ததும் கை போகும் என்று அறிந்தவர், நிறுத்த வேண்டிய குறியைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். ஏனென்றால் அது அங்கே அழகாக இருந்தது. பழையவர்கள் சீட்டை வாங்கியதும் முதலில் வலது ஓரத்தைப் பார்க்கப் பழகியிருந்தார்கள், அதுவும் ஆளுக்கொரு அடி வாங்கிய பிறகு. புதிதாக வருகிற ஒவ்வொருவனும் அந்த அடியை வாங்கியே ஆக வேண்டும்.

கொட்டகையில் என் பக்கத்தில் சாக்குத் தைத்தவர் ஒரு யோசனை சொன்னார். "அம்மன் கோயில்ல காசு வெட்டிப் போட்டிரும்வே. ஆறு மாசத்துல ஆளு படுத்த படுக்கை." எங்கள் பக்கத்தில் அது உண்டு. அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி, அம்மன் முன்னால் ஒரு காசை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வந்தால் அவன் குடி விளங்காது என்பார்கள். நான் யோசித்தேன், மறைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காசைக் கையில் எடுத்துக்கொண்டு கோயில் வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன். இரக்கத்தால் இல்லை. அவர் படுக்கையில் விழுவதால் எனக்கு என்ன கிடைக்கும்? அவர் அந்தச் சீட்டைப் படிக்க வேண்டும். நான் படித்த மாதிரி, வாடைக்காற்றில், கண்ணில் தண்ணீர் அடிக்க, ஆட்கள் கை நீட்டி நிற்கும்போது படிக்க வேண்டும். படித்துவிட்டு என் மாதிரி நிற்க வேண்டும். முருகனிடம் நான் கேட்டது இதைத்தான். நடந்தால் திருச்செந்தூரில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஏழாம் தோணித் தண்டல் கிழிந்த சாக்குகளோடு கொட்டகைக்கு வந்தார். கடற்கரைக் கிறிஸ்தவர், கழுத்தில் ஜெபமாலையும் வாயில் கெட்ட வார்த்தையுமாக இருப்பவர். அன்றைய சீட்டை என் முன் போட்டார்.

"புதுசா வந்திருக்க சீட்டுக்காரன் ஒம்மவிட மோசமா இருக்கான்வே. கப்பல்காரன் என்னயத் தாய் மொகம் தெரியாம ஏசுதான். இத மனுசன் பேசுத மாதிரி எழுதித் தாரும்."

எழுதினேன். பழைய கப்பல் நோட்டீஸ்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதில் எழுதினேன். எட்டாம் வகுப்புக் கர்வத்தில், பெருமதிப்புக்குரிய தண்டலவர்களுக்கு எழுதிக்கொள்வது என்று தொடங்கி, தாங்கள் தோணியைப் பாலத்தில் சேர்த்த பின்பு தங்கள் ஆட்களைக்கொண்டு என்று ஒரு பக்கத்துக்கு நீட்டினேன். மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இதப் படிச்சு முடிக்கதுக்குள்ள கப்பல் கொழும்புக்குப் போயிரும்வே. கலியாணப் பத்திரிகையா கேட்டேன்?"

அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். குறுக்கினால் மட்டும் அல்ல, நீட்டினாலும் சீட்டு கெட்டுப்போகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சீட்டையும் முதலில் வீட்டில் மனைவியிடம் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்குத் தோணியும் தெரியாது, துறையும் தெரியாது. அவள் படித்து, எதிரே வைத்த அரிசிப் படியையும் பருப்புச் செம்பையும் மூட்டைகளாக நினைத்து நகர்த்துவாள். அவள் கை எங்கே தயங்குகிறதோ அங்கே நான் எழுதியது தப்பு. அவள் ஒரு தடவையும் தப்பில்லை.

"ஏளா, நல்லா பாரு, அதுலதான் எழுதியிருக்கேன்" என்று நான் ஒருநாள் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கிளார்க்கு பேசுத மாதிரியே பேசுதீங்க" என்றாள். நான் அந்தச் சீட்டைக் கிழித்து வேறு எழுதினேன்.

இப்படி ஒரு ஒழுங்கு வந்தது. எப்போது நிறுத்த வேண்டும் என்பது முதல் வரி. ஒரு வரிக்கு ஒரு வேலை. அலை இருந்தால் மட்டும் செய்ய வேண்டியதை இரண்டு விரல் இடம் விட்டு உள்ளே தள்ளி எழுதினேன். மேல் வரிக்கு அடங்கியது எது, தனியாக நிற்பது எது என்று தூரத்திலிருந்தே தெரியும். சாமான்களுக்கு ஆபீஸ் பெயர் கிடையாது, ஆட்கள் வாயில் வருகிற பெயர்தான். பெருக்கல் குறியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அது எல்லாருக்கும் பழகியிருந்தது. கடைசியில் 'இத்துடன் சரி' என்று எழுதினேன், சீட்டு பாதியில் கிழிந்து போகவில்லை என்று தெரிவதற்காக.

இதையெல்லாம் ஆட்கள் மேல் உள்ள பரிவால் செய்தேன் என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஒவ்வொரு சீட்டையும் எழுதும்போது அந்த மனிதரின் நாற்காலிக் காலை ஒரு அங்குலம் அறுப்பதாகவே நினைத்தேன். ஏழாம் தோணியைப் பார்த்து மூன்றாம் தோணி வந்தது. பிறகு ஒன்பது, பதினொன்று. காலையில் ஆபீஸ் ஜன்னலில் சீட்டு வாங்குகிற தண்டல்கள் நேரே கொட்டகைக்கு வந்துவிட்டுத்தான் தோணி ஏறினார்கள். குறிகளை நான் எழுத்தாக்கித் தருவேன், ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு.

பத்து மாதம் இது அவர் காதுக்கு எட்டவில்லை. எட்டியபோது நேரே மேனேஜரிடம் போனார். மேனேஜர் நாசரேத் பக்கத்துக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர், அதிகம் பேசாதவர். என்னையும் கூப்பிட்டார்கள்.

"என் சீட்டுல ஒரு குத்தமும் கெடையாது சார்" என்றார் பெரிய கிளார்க்கு. "படிக்கத் தெரியாத தற்குறிகளுக்கு இவன் தாலாட்டு எழுதிக்கிட்டு இருக்கான். கம்பெனி உத்தரவ மாத்தி எழுதுதான். இன்னைக்கே இவன அனுப்பணும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "மாத்தி எழுதினீங்களா?"

"எழுதினேன் சார். உத்தரவு மாறல. படிக்கும்படியா எழுதினேன்."

"படிக்கும்படியாவா? என் சீட்ட நானே பாலத்துல நின்னு படிச்சுக் காட்டுதேன் சார். இவன் நாசம் பண்ணுன அந்த ஏழாம் தோணியிலயே படிக்கேன். படிக்க முடியலன்னா என்னய அனுப்புங்க, முடிஞ்சா இவன அனுப்புங்க."

மேனேஜர் சரி என்றார். நாள் மட்டும் சொல்லவில்லை. வாடை தொடங்கட்டும், அலையில் பார்த்தால்தான் பார்த்த மாதிரி என்றார். அந்த வார்த்தை மேனேஜர் வாய் வழியாக முருகன் சொன்னதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

வீட்டில் மனைவி பயந்துவிட்டாள். வேலை போனால் இரண்டாவது பிரசவத்துக்கு எங்கே போவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என் நெஞ்சிலோ ஒரே ஒரு கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தோணியில் மாவோ அரிசியோ இருந்தால் நான் தோற்றாலும் சரி, நினைத்து வைத்திருந்ததைச் செய்யமாட்டேன். என் பகைக்காக இன்னொரு பிடி அன்னம் கடலில் போகக் கூடாது. தின்கிற சாமான் இல்லாத சரக்காக இருந்தால்தான் செய்வேன்.

கார்த்திகை பிறந்து பத்து நாளில் காற்று ஏறியது. அன்று ஏழாம் தோணியில் கப்பலிலிருந்து வந்தது பழைய சாக்குக் கட்டுகள், எங்கள் கொட்டகைக்குத்தான். நனைந்தால் காயப்போட வேண்டியவன் நான். விடிந்ததும் தண்டலை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்த சீட்டைக் கையில் வைத்தேன்.

"ஜன்னல்ல வாங்குன சீட்டு ஒம்ம மடியில இருக்கட்டும். அவரு தோணியில ஏறுனதும் இதக் குடும்."

தண்டல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலைத் துவாரத்தைத் தடவினார். அதைக் கட்டிய அன்று அவரும் வாசலில் நின்றவர்தான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே, இது பாவமா புண்ணியமான்னு நீயே எழுதிக்க" என்று சொல்லி மடியில் செருகினார்.

பாலத்தில் மேனேஜர் குடையோடு நின்றார். மற்றத் தண்டல்கள், சீட்டுக்காரர்கள், கொட்டகை ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பெரிய கிளார்க்கு கோட்டைக் கழற்றி ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தோணியின் அணியத்தில் ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்து பதினைந்து வருஷம் சீட்டு எழுதியவர், ஒரு நாளும் அதைத் தோணியில் நின்று படித்ததில்லை. தோணி ஏறி இறங்கியதில் அவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். தண்டல் சீட்டை நீட்டினார்.

தினமும் பன்னிரண்டு சீட்டு எழுதுகிறவர். எதிலும் தேதி கிடையாது, காகிதம் மிச்சம். தம் கையெழுத்தைப் பார்த்தார், தம் குறிகளைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு முந்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆட்கள் பன்னிரண்டு பேரும் கை நீட்டி நின்றார்கள். இரண்டு அலைக்கு நடுவே கடல் சாதுவாகத்தான் இருந்தது.

"ஏலே, தார்ப்பாய எடு."

உருவினார்கள்.

"அணியத்துல இருந்து..."

அவர் வாய் நின்றது. கண் ஓரத்துக்குப் போய்விட்டது. அந்த முகத்தை நான் பார்த்தேன். போன கார்த்திகையில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, கண்ணாடி இல்லை. இப்போது தெரிந்தது.

"நிறுத்து, நிறுத்துலே, மூடு" என்று அவர் கத்தவும் அலை வந்து சாக்குக் கட்டுகளையும் அவரையும் சேர்த்து நனைத்தது. தண்டல் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"பூராத்தையும் படிச்சிட்டுச் சொல்லப்படாதா கிளார்க்கையா?"

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் பாலமே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. கையை நீட்டிச் சீட்டை வாங்கி, துவாரத்தைப் பார்த்தார்.

"இது இன்னைக்குச் சீட்டா?"

"இல்ல சார்" என்று நான் முன்னால் வந்தேன். "போன வருஷம் மாவு நனஞ்ச அன்னைக்கு நான் படிச்ச சீட்டு. நான்தான் குடுக்கச் சொன்னேன்."

பெரிய கிளார்க்கு தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தார். மேனேஜர் தண்டல் மடியில் இருந்த அன்றைய சீட்டையும், அதை நான் காலையிலேயே எழுத்தாக்கி வைத்திருந்ததையும் வாங்கி, அங்கே நின்ற புதுச் சீட்டுக்காரனிடம் என்னுடையதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 'அலை ஏறியிருந்தால் தார்ப்பாயைத் தொடாதே' என்ற முதல் வரியிலேயே ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மேனேஜர் தீர்ப்பை நின்ற இடத்திலேயே சொன்னார். நாளையிலிருந்து சீட்டு எழுதுவது நான். பெரிய கிளார்க்கு வேலையிலிருந்து போக வேண்டாம்; உத்தரவை வாயால் சொல்லட்டும், நான் எழுதுவேன். சீட்டை மாற்றி ஏமாற்றியதற்காக, நனைந்த சாக்கு முழுவதையும் நானே காயவைத்துத் தைக்க வேண்டும், ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. "ரெண்டு பேருமே தப்பு. அவர் தப்பு பெரிசு" என்று ஆங்கிலத்திலும் தமிழிலுமாகச் சொல்லிவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு போனார். சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்திருந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கூட்டம் கலையுமுன் நான் பெரிய கிளார்க்கிடம் போனேன். சட்டைப் பையில் ஊசியும் நூலும் இருந்தன, விடியும்போதே எடுத்து வைத்தது. சீட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பையில் வைக்கப்போனார்.

"பையில இல்ல அண்ணாச்சி. பொத்தான்ல."

யாரும் அசையவில்லை. அவர் சுற்றிப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு முன் இதே ஆட்கள்தான் என்னைச் சுற்றி நின்றார்கள். அவர் மெல்லக் கையைக் கீழே விட்டார். நான் பழைய துவாரத்திலேயே நூலைக் கோத்து, அவருடைய இரண்டாவது பொத்தானில் கட்டினேன். சாக்குத் தைக்கிறவர்கள் போடுகிற முடிச்சு, கையால் அவிழாது, கத்திதான் வேண்டும்.

"சூரியன் எறங்கட்டும்" என்றேன்.

அன்று முழுக்க அவர் ஆபீஸில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பொத்தானைப் பிய்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை, ஏன் என்று எனக்குப் பல வருஷம் விளங்கவில்லை; சூரியன் இறங்கும்வரை அவர் அந்தச் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் கொட்டகைக்கு வந்து, நான் ஈரச் சாக்கு விரித்துக்கொண்டிருந்த இடத்தில் நின்றார். நான் உடனே எழவில்லை. மூன்று சாக்கை விரித்து முடித்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தேன். நூலை அறுக்கும்போது அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்த வட்டத்த எங்க வச்சிருக்கணும்?"

கேலியில்லை. புதிதாக வேலைக்கு வந்தவன் கேட்கிற குரல் அது. என் முதல் வாரத்தில் அவர் மேஜை முன்னால் நின்ற என் குரல். பதில் ஒரு வார்த்தைதான், என் மனைவி அடுப்பங்கரையில் சொன்ன அதே 'மொதல்ல'. அது என் நாக்கு நுனியில் இருந்தது.

"கண்ணு இருக்குல்லா அண்ணாச்சி? பாருங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தை மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போய் முடி இறக்கினேன். மனைவி கைக்குழந்தையோடு வரிசையில் நின்றபடி, சாமிகிட்ட மன்னிப்பும் கேட்டுக்கிடுங்க என்றாள். மாவுக்காகக் கேட்டேன். வேலையைப் பணயம் வைத்ததற்காகக் கேட்டேன். கடைசியில் அவரிடம் 'பாருங்க' என்று சொன்னதற்காக மட்டும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே செருகிவிட்டேன்.